காஸ்வே சுவரில் ஒரு நகரம்

மாட்டுங்கா முதல் கொலாபா வரை – 9

சென்ற வாரம் மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், 1942 முதல் சோறு போட்டுவரும் ராமா நாயக் உடுப்பி விடுதியில் இருந்தோம். இந்த வாரம் அதே லோக்கலில் தெற்கே போய் சி.எஸ்.எம்.டி.யில் இறங்குவோம். அங்கிருந்து பஸ் பிடித்தால் ரீகல் தியேட்டர். அதற்கு எதிரே, கொலாபா காஸ்வே தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது கஃபே மோண்டேகர்.

மும்பைக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் தவறாமல் எட்டிப் பார்க்கும் பீர்க் கடைகளில் இதுவும் ஒன்று. நெருக்கியடித்துப் போட்ட மேசைகள், பெரிய ஜக்குகளில் பீர், ஓயாத பேச்சு, பழைய ஆங்கிலப் பாட்டுகளுக்குப் பேர்போன ஜூக்பாக்ஸ். “அது டூரிஸ்ட்டுங்க போற இடம் அண்ணே, நமக்கு அங்க என்ன வேலை?” என்று தாராவி நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. இந்த ஊரைத் தன் ஊராக நினைக்கும் எல்லோருக்கும் அங்கே வேலை இருக்கிறது.

மோண்டேகர் 1932-இல் தொடங்கிய இரானிக் கடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரானிலிருந்து வந்த ஜரதுஷ்டிர மதத்தினர் பம்பாயின் தெருமுனைகளில் இப்படிப்பட்ட டீக்கடைகளைத் திறந்தார்கள். பன் மஸ்கா, கெட்டிப் பால் டீ, ஆம்லெட், சாதி மதம் கேட்காத மேசை. நம் கிங்ஸ் சர்க்கிள் மூலையில் நிற்கும் கூலர் கஃபேயும் இந்த வம்சம்தான். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தவை இன்று சில டஜன்களாகக் குறைந்துவிட்டன. வாடகைச் சிக்கலிலும் வாரிசு இல்லாமலும் பல மூடப்பட்டன. டீயோடு பீரும் விற்கத் தொடங்கிய சில கடைகள் பிழைத்துக்கொண்டன. மோண்டேகர் அவற்றில் ஒன்று.

ஆனால் மோண்டேகரைத் தனித்துக் காட்டுவது அதன் சுவர். கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் மரியோ மிராண்டா வரைந்துகொடுத்த சித்திரங்கள் எதிரெதிர்ச் சுவர்களை நிறைத்திருக்கின்றன. 1926-இல் டாமனில் பிறந்து கோவாவில் வளர்ந்தவர் மரியோ. பம்பாய் சேவியர் கல்லூரியில் படித்தார். ஓவியத்தை எந்தப் பள்ளியிலும் முறையாகக் கற்றவரில்லை. இல்லஸ்ட்ரேட்டட் வீக்லியிலும் டைம்ஸ் ஆஃப் இந்தியாவிலும் அவர் வரைந்த மிஸ் நிம்பூபானியையும் மிஸ் ஃபொன்சேகாவையும் அந்தத் தலைமுறை வாசகர்கள் இன்றும் மறக்கவில்லை. 2011-இல் மறைந்த அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் வழங்கப்பட்டது.

ஒரு சுவரில் பம்பாய் வாழ்க்கை, மறு சுவரில் இந்தக் கடையின் கலகலப்பு. மரியோ வரையும் கூட்டத்தில் கதாநாயகன் என்று யாரும் கிடையாது. பருத்த மூக்குக்காரரும், புள்ளிச் சட்டைப் பெண்ணும், காலுக்கடியில் சுருண்டு கிடக்கும் நாயும் அவர் கோட்டுக்கு ஒன்றுதான். எல்லோருக்கும் இடம் உண்டு. லோக்கல் ரயிலில் நாம் தினமும் நெருக்கிக்கொண்டு நிற்கும் முகங்களை ஒரு கலைஞன் அன்போடு கவனித்திருக்கிறான் என்ற நிறைவு, அந்தச் சுவருக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் எனக்குள் எழுகிறது. உலகமெங்கும் மதுக்கடைகள் கப்பல், சிறைச்சாலை, காடு என்று இல்லாத ஒன்றை வேஷம் கட்டிக் காட்டுகின்றன. மோண்டேகர் தன் வாசலில் நடமாடும் ஊரையே சுவரில் ஏற்றியது. அதனால்தான் அது பழசாகவில்லை.

அதே சாலையில் சில நிமிட நடை தூரத்தில் லியோபோல்ட் கஃபே. 1871-இல் தொடங்கியது. 2003-இல் வெளியான ‘சாந்தாராம்’ நாவலுக்குப் பிறகு, அதைப் படித்துவிட்டுத் தேடி வருபவர்கள் பெருகினார்கள். 2008 நவம்பர் 26 இரவு, 166 உயிர்களைப் பறித்த தாக்குதலில் முதலில் சுடப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. நான்கே நாட்களில் கடை திறந்தது. குண்டு துளைத்த சுவர்க் குழிகளை உரிமையாளர்கள் பூசி மறைக்கவில்லை. அங்கே இறந்தவர்களில் கடையின் ஊழியர்களும் உண்டு. அந்தக் குழிகளுக்கு முன்னால் நின்று படம் பிடிக்கும் ஒவ்வொருவரும் அவர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மேசைகளில் பீர் வந்ததற்கு ஒரு நீண்ட கதை உண்டு. அதில் தாராவிக்கும் பங்கு இருக்கிறது. பம்பாய் மதுவிலக்குச் சட்டம் 1949-இல் வந்தது. அடுத்த ஆண்டே முழு மதுவிலக்கு. மொரார்ஜி தேசாய் அதில் விடாப்பிடியாக நின்றார். வெளிநாட்டவருக்கும், உடல்நிலைக்குத் தேவை என்று டாக்டர் சான்று பெற்றவருக்கும் பெர்மிட் கிடைத்தது. சான்று வாங்க வசதியுள்ளவர் சட்டப்படி குடித்தார். கூலிக்காரர் ஹாத்பட்டி என்ற கள்ளச் சாராயத்துக்குப் போனார். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவிச் சதுப்பிலும், போலீஸ் நுழையத் தயங்கிய சந்துகளிலும் அடுப்புகள் எரிந்தன. வி.டி. ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய வரதராஜன் முதலியார் பெரும்புள்ளி ஆனது இந்தச் சாராயத்தில்தான். 1987-இல் வந்த ‘நாயகன்’ படத்துக்கு அவர் வாழ்க்கையே தூண்டுதல்.

1960-களில் கெடுபிடி தளர்ந்தது. சட்டம் மட்டும் போகவில்லை. மகாராஷ்டிரத்தில் மது அருந்த இன்றும் விதிப்படி பெர்மிட் வேண்டும். ‘பெர்மிட் ரூம்’ என்ற மதுக்கூடப் பலகையை செம்பூரிலும் சயானிலும் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். 2010-இல் லண்டனில் தொடங்கிய டிஷூம் உணவகம் நம் இரானிக் கடைகளைப் பார்த்து உருவானது. அதன் மதுக்கூடத்துக்கும் பெர்மிட் ரூம் என்றே பெயர். அங்கே அது ஓர் அலங்காரம். இங்கே அந்தச் சட்டத்தின் நிழலில் குடும்பங்கள் அழிந்திருக்கின்றன. 2015 ஜூனில்கூட மலாட் மால்வணியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பாட்டில் பீர் வாங்கக் காசில்லாதவர்கள் அவர்கள்.

நகரத்தின் இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் யார் தெரியுமா? சுற்றுலாப் பயணிகள். காலையில் தாராவிச் சந்துகளில் வழிகாட்டியோடு நடந்துவிட்டு மாலையில் காஸ்வேயில் உட்காருகிறவர்கள் பலர். தாராவியிலேயே பிறந்த பிள்ளைகளோ மரியோவின் சுவரைப் பார்த்ததில்லை. காலை நேரத்தில் போங்கள், கூட்டம் குறைவு. பீர் வேண்டியதில்லை, காபியும் ஆம்லெட்டும் போதும். பிள்ளைகளைச் சுவருக்கு எதிரே உட்கார வைத்து, இதில் நம்ம தெரு ஆள் யாரென்று தேடச் சொல்லுங்கள்.

பிறகு தாராவிக்குத் திரும்பி ஒரு கேள்வி கேட்க வேண்டும். விடியுமுன் இட்லி அவித்துத் தூக்கு நிறைய எடுத்துக்கொண்டு நகரமெங்கும் கிளம்புகிறவர், தோல் பதனிட்டவர், நெல்லையிலிருந்து வந்து 1887-இல் படா மசூதி கட்டியவர்கள், தொண்ணூறு அடிச் சாலையில் பொங்கல் வைக்கும் பெண்கள், இவர்களெல்லாம் எந்தச் சுவரில் இருக்கிறார்கள்? மறுசீரமைப்புத் திட்டம் அதானி குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. சந்துகள் இடிபடப்போகின்றன. ஒரு பீர்க் கடை முதலாளி தன் ஊரை வரையச் சொல்லி ஓவியரைக் கேட்டார். தாராவித் தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் அதைக் கேட்கலாம். ஜே.ஜே. ஓவியப் பள்ளி இதே நகரத்தில்தான் இருக்கிறது. வீடு எத்தனை சதுர அடி என்று போராடுவது அவசியம். இங்கே யார் வாழ்ந்தார்கள் என்று எழுதியும் வரைந்தும் வைப்பதும் அதே அளவு அவசியம். சுவர்கள் நிற்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.

(அடுத்த வாரம்: தாராவியின் தோல் கிடங்குகள்)