கேளாமலே கேட்கும் சங்கீதம்

"அம்மிணி, இவன் காதுல மாட்டியிருக்கிறதைக் கொஞ்சம் கழட்டச் சொல்லு. வந்து எட்டு நாளாச்சு. பேரன் குரலைவிடத் தெருவுல கீரை விக்கிறவ குரல்தான் எனக்கு நல்லாத் தெரியுது!"

கோவை பீளமேட்டில் என் பெரியம்மா வீட்டு வாசற்படியை மிதித்ததும் எனக்குக் கிடைத்த வரவேற்பு இது. புகாருக்கு ஆளானவர் பதினான்கு வயசுப் பேரப்பிள்ளை. டொரண்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். 'அம்மாயி' என்று அழகாகக் கூப்பிடுவான். 'போதும்', 'வேண்டாம்' என்பான். அதற்கு மேல் அவனுக்குத் தமிழ் ஓடாது. 'தேங்க்யூ'வுக்கு மேல் பெரியம்மாவுக்கு ஆங்கிலம் ஓடாது. பாட்டி அடுக்களையில், பேரன் கூடத்து மூலையில். அவன் மடியில் ஒரு லாப்டாப். விமானம் ஏற இன்னும் ஆறே நாள்.

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் சுடுவதும் வெட்டுவதும்தான் என்று நானும் எண்ணியிருந்தேன். ஆனாலும் பத்திரிகைக்காரிக்குச் சும்மா இருக்க முடியுமா? மெல்ல அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நானும் கேட்கலாமா?" என்றேன். காதில் செருகியிருந்த இரண்டு குமிழ்களில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான்.

நான் எதிர்பார்த்த துப்பாக்கி வெடிக்கவில்லை. யாரோ அடுத்த வீட்டில் தனியாக உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் பியானோவைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது போல் சில சுரங்கள். பிறகு நிசப்தம். திரையில் பையன் சதுரக் கட்டிகளை அடுக்கி வீடு கட்டிக் கொண்டிருந்தான்.

"பாட்டு நின்று போயிற்றா?" என்றேன்.

"இல்லை, சித்தி. அது வரும்போது வரும்" என்றான், பாதி ஆங்கிலத்தில்.

மேஜை நாற்காலிச் சங்கீதம்

அந்த விளையாட்டின் பெயர் 'மைன்கிராஃப்ட்'. அதற்கு இசை அமைத்தவர் டேனியல் ரோசன்ஃபெல்ட் என்ற ஜெர்மானியர். அந்த இசைத் தொகுதி வெளியானது 2011-இல். என்றென்றும் காப்பாற்றி வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று அமெரிக்க நாட்டுப் பெரிய நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2025-இல் இந்தத் தொகுதியையும் அதில் சேர்த்துவிட்டார்கள். விளையாட்டுப் பாட்டு என்று இனி யாரும் அலட்சியமாகச் சொல்ல முடியாது!

இப்படி, 'என்னைக் கேள்' என்று கையைப் பிடித்து இழுக்காமல், நாம் வேலை செய்யும்போது பின்னால் இருந்துகொண்டே இருக்கும் இசை மேல்நாட்டில் பழைய விஷயம்தான். எரிக் ஸாட்டி என்ற பிரெஞ்சுக்காரர், மேஜை நாற்காலி மாதிரி சங்கீதமும் ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று ஆசைப்பட்டார். 1920-இல் பாரிஸில் ஒரு நாடகத்தின் இடைவேளையில் அதை வாசிக்க ஏற்பாடு செய்தார். யாரும் இதைக் கவனிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். ஜனங்களோ மரியாதையாக வாயை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பாவம், மனிதர், "பேசுங்கள்! நடமாடுங்கள்!" என்று கூவி அலைந்தாராம்! பிறகு 1978-இல் பிரையன் ஈனோ என்ற ஆங்கிலேயர் விமான நிலையங்களுக்காகவே இப்படி ஓர் இசைத் தட்டு வெளியிட்டார்.

இதையெல்லாம் நான் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னதும் பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "சித்தி, தமிழ்ப் பாட்டு வருகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. அம்மா வாங்கித் தந்தாள்" என்றான். குமிழ்களை எடுத்து வைத்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கும்படி அதைத் திறந்தான்.

ரேடியோ யார் வீட்டில்?

அந்த விளையாட்டின் பெயர் 'வெண்பா'. டொரண்டோவில் உள்ள 'விசை கேம்ஸ்' என்ற சிறிய குழுவினர் 2023-இல் வெளியிட்டது. அடுத்த வருஷமே பிரிட்டிஷ் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டு என்று பரிசு வாங்கியது. கதாநாயகி வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின். பெயர்களிலேயே தமிழ் மணக்கிறது அல்லவா? கதை 1988-இல் கனடாவில் தொடங்குகிறது. வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. அது கிழிந்தும் கறைபட்டும் பாதி எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. விட்டுப்போன பக்குவத்தை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. வெட்டு, குத்து என்றால் காய்கறியோடு சரி!

சமைக்கத் தொடங்கும்போது அந்த அடுக்களை ரேடியோ பாடுகிறது. எல்லாம் இந்த விளையாட்டுக்கென்றே புதிதாகச் செய்த பாட்டுகள். ஆனால் கேட்டால், பள்ளிக்கூடம் போகிற வயசில் எங்கோ கேட்ட சினிமாப் பாட்டு மாதிரியே இருக்கிறது. கதையில் வருஷங்கள் ஓட ஓட, பாட்டின் சாயலும் மாறிக்கொண்டே போகிறது. இசை அமைத்தவர் 'ஆல்ஃபா சம்திங்' என்ற புனைபெயர்க்காரர். பாட்டுக்கு அடியில் எண்ணெய் பொரியும் ஓசையும் தண்ணீர் கொதிக்கும் ஓசையும் சேர்ந்துகொள்கின்றன.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. உள்ளே கிரைண்டர் நின்றது. மாவு தோய்ந்த கையோடு பெரியம்மா வெளியே வந்தாள்.

"ரேடியோ யாரு வெச்சது?"

திரையில் வெண்பா இட்லித் தட்டுகளை அடுக்கிக் கொண்டிருந்தாள். எந்தத் தட்டை எதன் மேல் வைப்பது என்பது அங்கே ஒரு புதிர். பையன் யோசித்தான். நானும் யோசித்தேன். (நான் இட்லி மாவைப் பாக்கெட்டில் வாங்குகிற கட்சி.) பெரியம்மா யோசிக்கவில்லை.

"குழி மேல குழி வெச்சா ஆவி எப்படிச் சாமி போகும்? தட்டைத் திருப்பி வை!"

ஒரு சொல்கூட அவனுக்குப் புரிந்திருக்காது. ஆனால் கையால் அவள் காட்டியதைப் பார்த்துத் தட்டைத் திருப்பினான். இட்லி வெந்தது. பெரியம்மா மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடுகு சொன்ன சேதி

"நான் கல்யாணமாகி வந்தப்ப இந்த வீட்டுல ஒரு பெரிய ரேடியோ இருந்துச்சு" என்று பெரியம்மா தொடங்கினாள். விவித் பாரதி 1957-இல் பிறந்தது. கோவை வானொலி நிலையம் 1966-இல் வந்தது. இரண்டுமே இந்த வீட்டு அடுக்களையில்தான் குடியிருந்தன போலும். "உட்கார்ந்து யாரு கேட்டா? அரைக்கறோம், பெருக்கறோம், புள்ளைக்குத் தலை பின்னறோம். அது பாட்டுக்குப் பாடும். ஆனா ஒரு நாள் ரிப்பேருக்குப் போச்சுன்னா வீட்டுல யாரோ இல்லாத மாதிரி இருக்கும்."

ஸாட்டியும் ஈனோவும் இதைத்தானே சொன்னார்கள்!

"இப்பவும் அப்படித்தான்" என்று பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழமை மக போன் பண்றா. 'சாப்பிட்டியா கண்ணு'ன்னு கேட்டா 'ஆச்சும்மா'ங்கறா. அதை நான் நம்பறதில்லை. பின்னால கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டா நம்புவேன்."

கதை மேலே போயிற்று. கவின் வளர்ந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் தன்னைக் 'கெவின்' என்று சொல்லிக்கொண்டவன் அவன். இப்போது அம்மா பேசும் தமிழ் அவனுக்கு முழுதாகப் புரிவதில்லை. திரையில் அவள் பேச்சு எழுத்தாக வரும்போது சில சொற்கள் மங்கிப்போய்த் தெரிந்தன.

"என்ன சாமி இது, எழுத்து அழிஞ்சிருக்கு?" என்று பெரியம்மா கேட்டாள். நான் அதை அவனுக்குச் சொன்னேன்.

பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னான்: "அம்மாயி பேசும்போது எனக்கு இப்படித்தான் கேட்கிறது, சித்தி."

இதைப் பெரியம்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டிய பொறுப்பு எனக்கு வந்தது. பத்து வருஷப் பத்திரிகைத் தொழிலில் இவ்வளவு கஷ்டமான மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை. சொன்னேன். பெரியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. மாவுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு, "அப்ப சத்தமாவது நல்லாக் கேக்கட்டும். வா, சந்தகை புழியலாம்" என்று அவனைக் கையோடு அழைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஆறு நாளில் அவன் தமிழ்ப் பண்டிதனாகிவிட்டான் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. 'சந்தகை', 'புழி', 'சூடு', 'இன்னும் கொஞ்சம்' என்று ஏழெட்டுச் சொற்கள் சேர்ந்தன. அவ்வளவுதான். ஆனால் லாப்டாப் கூடத்து மூலையிலிருந்து அடுக்களை மேடைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஊருக்குப் புறப்படுவதற்கு முதல் நாள், கைப்பேசியை நீட்டி எதையெதையோ ஒலிப்பதிவு செய்துகொண்டானாம்.

சென்ற வாரம் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை போன்ல பின்னால கிரைண்டர் சத்தம் கேட்டுச்சு, அம்மிணி. 'அங்கே கிரைண்டர் எப்ப வாங்கினே'ன்னு மகளைக் கேட்டேன். 'வாங்கலைம்மா. அது உங்க கிரைண்டர்தான். அவன் பாடம் எழுதறப்ப அதைத்தான் போட்டுக்கறான்'கறா."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். சிறிது நேரத்தில் அடுக்களையில் கிரைண்டர் ஓடத் தொடங்கியது. மாவு அரைக்க வேண்டிய வேளைதானா அது என்று நான் கேட்கவில்லை.