காத்திருந்து எடுத்த படங்கள்

வீட்டில் இருக்கும் செல்பேசியில் ஒரே நாளில் நூறு படம்கூட எடுத்துவிடுகிறீர்கள். பிடிக்காவிட்டால் உடனே அழித்தும் விடலாம். முன்பு அப்படி இல்லை. கேமராவுக்குள் படச்சுருள் போட வேண்டும். ஒரு சுருளில் 12 படம் அல்லது 36 படம், அவ்வளவுதான்! இருட்டறையில் கழுவிய பிறகே படம் எப்படி வந்திருக்கிறது என்று தெரியும்.

அந்தக் காலத்தில் காட்டுக்குள் சென்று யானைகளையும் மான்களையும் பறவைகளையும் அருமையாகப் படமெடுத்தவர் ஒரு தமிழர். அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

யார் இவர்?

இவர் 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையாவின் மகன். வளர்ந்தது சென்னை மயிலாப்பூரில். அன்றைய மயிலாப்பூரில் புதர்க்காடுகள் இருந்தன. நரியும் வெளிமானும் திரிந்தன என்றால் நம்புவீர்களா?

இவர் சட்டம் படித்தவர். ஆனால் மனம் முழுவதும் காட்டிலேயே இருந்தது. 'ஸ்டேட்ஸ்மன்' என்ற ஆங்கில நாளிதழில் 1950 முதல், 1996இல் காலமாகும் வரை, இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 46 ஆண்டுகள்! 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வேடிக்கையான கேமரா

வெவ்வேறு கேமராக்களின் பாகங்களையும் லென்ஸையும் இணைத்து, தமக்கென ஒரு பெரிய கேமராவை அமைத்துக்கொண்டார். அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்தார். 'பாண்டரஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மிகக் கனமான' என்று பொருள். பெயரிலேயே கேலி இருக்கிறது பாருங்கள்! அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள்.

நல்ல கேமரா மட்டும் போதுமா? போதாது. யானைக்கு மோப்ப சக்தி மிக அதிகம். நம் பக்கமிருந்து அதன் பக்கம் காற்று வீசினால், நாம் வந்திருப்பது அதற்குத் தெரிந்துவிடும். ஆகவே காற்றின் திசை பார்க்க வேண்டும். அசையாமல், பேசாமல் காத்திருக்க வேண்டும். எங்கள் ஆரணியில் பட்டுச்சேலை நெய்பவர்களைப் பார்த்தால் இந்தப் பொறுமை புரியும். ஒரு சேலை முடியப் பல நாள் ஆகும். நடுவில் இழை அறுந்தால், அதைப் பிணைத்த பிறகுதான் அடுத்த வேலை. அவசரப்பட்டால் சேலை கெட்டுவிடும். காட்டில் அவசரப்பட்டால் விலங்கு ஓடிவிடும்.

படத்தால் என்ன பயன்?

ஒரு புலியின் உடலில் உள்ள வரிகள் இன்னொரு புலிக்கு இருக்காது. நம் கைரேகை போலத்தான்! 1920களில் வட இந்தியக் காடுகளில் புலிகளைப் படமெடுத்த வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் இதைக் கவனித்துச் சொன்னார். இன்று புலிகளைக் கணக்கெடுக்க இது ஒரு முக்கிய வழி. 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்களை வைத்தார்கள். கிடைத்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம். அவற்றில் புலிப் படங்கள் 76,651. வரிகளை ஒப்பிட்டு, குட்டிகள் நீங்கலாக 2,461 புலிகளைத் தனித்தனியே அடையாளம் கண்டார்கள்.

துப்பாக்கியால் சுட்டால் ஒரு புலி குறையும். கேமராவால் 'சுட்டால்' புலியைக் காக்க ஒரு சான்று கிடைக்கும்!

நீங்களும் எடுக்கலாம்!

இதற்குக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. காகம், அணில் போன்று நம் வீட்டருகே வாழும் உயிர்களைப் பற்றியும் கிருஷ்ணன் ஆசையோடு எழுதினார். எங்கள் ஊர் ஏரிக்கரையில் கொக்கும் மீன்கொத்தியும் உண்டு. உங்கள் ஊரிலும் இருக்கும். ஆனால் சில விதிகளை மறக்காதீர்கள்.

* கூட்டின் அருகே போகாதீர்கள். தாய்ப் பறவை பயந்து பறந்துவிட்டால் முட்டைகள் வெயிலில் கெட்டுப்போகும். குஞ்சுகள் பட்டினி கிடக்கும். சில பறவைகள் கூட்டையே கைவிட்டுவிடும்.

* பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறியாதீர்கள்.

* நீர்நிலைக்குத் தனியாகச் செல்லாதீர்கள். பெரியவர்களுடன் செல்லுங்கள்.

* படமெடுத்த நாள், நேரம், இடம், அந்த உயிர் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நோட்டில் எழுதி வையுங்கள்.

கேமரா இல்லையே என்று வருந்த வேண்டாம். கிருஷ்ணன் பேனா மையால் படமும் வரைந்தவர். ஒரு பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு, பத்து நிமிடம் ஓர் அணிலை அசையாமல் கவனியுங்கள். அது முன்கால்களால் எப்படிப் பிடித்துத் தின்கிறது, எப்போது வாலை ஆட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தை ஓராண்டு கவனித்தால், எந்த மாதம் எந்தப் பறவை வருகிறது என்று உங்கள் நோட்டே சொல்லும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுவீர்கள் அல்லவா?