வீட்டிலேயே பாட்டுப் பதிவு

புரட்டாசி பிறந்துவிட்டால் நியூ டவுனில் வாழும் நம் குடும்பங்களில் கொலுப் பொம்மைகளைத் துடைத்து எடுக்கும் வேலையோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்கிறது. குழந்தைகளைப் பாடச் சொல்லி, கணிப்பொறியில் பதிவு செய்து, ஊரிலுள்ள உற்றாருக்கும் பாட்டு வாத்தியாருக்கும் அனுப்பும் வேலை அது. லேக் மார்க்கெட் பக்கத்தில் நம்மவர்கள் நெருங்கி வாழ்ந்த காலத்தில் பாட்டு வகுப்புக்கு நடந்தே போய்விடலாம் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இங்கே பதினைந்தாம் மாடியில் இருந்துகொண்டு, சென்னையில் உள்ள ஆசிரியரிடம் கைபேசி வழியாகக் கற்கும் குழந்தைகளே மிகுதி. ஆகவே ஆசிரியரின் செவிக்குச் சென்று சேர்வது குழந்தையின் குரல் அன்று, அக்குரலின் பதிவேயாகும். பதிவு கெட்டிருந்தால் திட்டு விழுவது என்னவோ குழந்தைக்குத்தான்.

அண்மையில் எங்கள் அடுக்கு மாளிகையில் ஒரு சிறுமிக்கு நேர்ந்தது இது. ஐந்தரைக் கட்டையில் நிதானமாகப் பாடிய பாட்டு, ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தபோது ஆறு கட்டையையும் தாண்டி, ஓட்டமும் நடையுமாக ஒலித்ததாம். "சுருதி எங்கே, காலப்பிரமாணம் எங்கே?" என்று ஆசிரியர் கடிந்துகொண்டார். குழந்தை மேல் குற்றம் ஒன்றுமில்லை. கணிப்பொறி ஒலியை ஒவ்வொரு நொடியிலும் பல்லாயிரம் துண்டுகளாக அளந்து எண்களாக எழுதிக்கொள்கிறது. இசைத் தட்டுகளுக்கு நொடிக்கு 44,100 என்றும், சலனப் படங்களுக்கு 48,000 என்றும் கணக்கு வழக்கத்தில் நிலைத்துவிட்டது. 44,100 கணக்கில் எழுதியதை 48,000 கணக்கில் படித்தால் பாட்டு நூற்றுக்கு ஒன்பது பங்கு அளவில் வேகமாகும். சுருதி ஏறத்தாழ ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறும். ஐந்து நிமிஷப் பாட்டு நான்கு நிமிஷம் முப்பத்தாறு நொடியில் முடிந்துவிடும். மென்பொருளிலும், கணிப்பொறியின் ஒலி அமைப்பிலும், மைக்கோடு இணைக்கும் கருவியிலும் ஒரே எண் இருக்கிறதா என்று பதிவுக்கு முன் பார்த்துவிட்டால் இத்தொல்லை இல்லை.

இப்பணிக்கு விலை கொடுத்து எதையும் வாங்கவேண்டிய அவசியமில்லை. அமெரிக்காவில் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் உலகுக்கு இலவசமாக அளிக்கப்பட்ட ஆடாசிடி என்னும் மென்பொருள் நம் வீட்டுத் தேவைக்கு ஏராளம். ஆப்பிள் கணிப்பொறி வைத்திருப்போர்க்கு 2004 முதல் காரேஜ்பேண்ட் உண்டு. எதை வைத்துக்கொண்டாலும் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும்: ஒலியைச் செம்மை செய்யும் இக்கருவிகள் தம்புராவையும் கமகத்தையும் எண்ணிப் பார்த்து இயற்றப்பட்டவை அல்ல. ஆகையால் "மேம்படுத்து" என்று அவை காட்டும் பொத்தான்களில் பல, நம் சங்கீதத்தைப் பொறுத்தமட்டில் கெடுக்கும் பொத்தான்களே.

இரைச்சல் நீக்கும் வசதியை எடுத்துக்கொள்வோம். மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவோ அதுவே இரைச்சல் என்பது அதன் சித்தாந்தம். மின்விசிறி அப்படித்தான் ஒலிக்கிறது, ஐயமில்லை. ஆனால் தம்புராவும் அப்படித்தானே ஒலிக்கிறது! சுருதிப் பெட்டியை மீட்டிக்கொண்டே இரைச்சலின் மாதிரியை எடுத்துக் கொடுத்தால், அது சுருதியையே துடைத்து எறிந்துவிடும். கூடவே குரலின் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் அரித்துவிடும். மிஞ்சும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். இவ்வசதியைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால், பாட்டுத் தொடங்குமுன் சுருதியும் இல்லாமல், யாரும் மூச்சும் விடாமல், அறையின் ஓசையை மட்டும் ஐந்து நொடி பதிவு செய்து அதை மாதிரியாகக் கொடுக்கவேண்டும். நீக்கும் அளவையும் குறைவாகவே வைக்கவேண்டும். மெல்லிய ஒலி வந்தால் கதவை அடைத்துவிடும் இன்னொரு வசதியும் உண்டு. கார்வை தேய்ந்து மறையும் இடத்தில், அதாவது பாட்டின் உயிர் இருக்கும் இடத்தில், அது டக்கென்று அறுத்துவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

காணொளிக் கூட்டங்களுக்கான செயலிகளும் கைபேசிகளும் இதே வேலையை நம்மைக் கேளாமலே செய்கின்றன. பேச்சை மட்டும் காப்பாற்றி மற்றதைக் களைவது அவற்றின் நோக்கம். நீண்ட அகாரம் பிடித்தால் பாதியில் குரல் மறைவதற்குக் காரணம் இதுவே. ஸூம் செயலியில் சங்கீதத்துக்கென்றே மூல ஒலியை அனுப்பும் அமைப்பு இருக்கிறது. வகுப்பு நேரத்தில் அதைத் திறந்து வைக்கவேண்டும். பாடகர் நிறுத்தும்போதெல்லாம் தம்புரா பொங்கி எழுந்து, பாடத் தொடங்கியதும் அமுங்குமானால், அது தானே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பின் திருவிளையாடல். விண்டோஸ் கணிப்பொறியில் மைக்கின் அமைப்புப் பக்கத்தில் ஒலி மேம்பாடுகள் என்று ஒரு பகுதி இருந்தால் அதை அணைத்துவிடுவது நலம்.

சுருதி திருத்தும் கருவியைப் பற்றி இளைஞர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். ஆட்டோ டியூன் என்னும் அக்கருவி 1997இல் வந்தது. அதைக் கண்டவர் ஆண்டி ஹில்டிபிராண்டு. பூமிக்கடியில் எண்ணெய் இருக்குமிடத்தை ஒலி அலைகளால் அறியும் துறையிலிருந்து வந்தவர். எண்ணெய் தேடுவதற்குப் பயன்பட்ட கணிதம் பாட்டுக்குள் புகுந்த கதை சுவையானதுதான். ஆனால் அது குரலைப் பன்னிரண்டு படிகளில் ஏதேனும் ஒன்றின்மேல் கொண்டுபோய் உட்காரவைக்கும். தோடியின் காந்தாரம் அசைவிலேயே வாழ்வது. சகானாவின் காந்தாரமும் பேகடாவின் நிஷாதமும் எந்தப் படியிலும் உட்காராதவை. பல ஆண்டு சாதகத்தில் குழந்தை பிடித்த கமகத்தை ஒரு பொத்தானால் தட்டையாக்குவதற்குப் பெயர் திருத்தம் ஆகுமா? என் அபிப்பிராயம், அதை வீட்டில் சேர்க்கவே கூடாது என்பது.

இனி, பதிவே ஆகவில்லை என்னும் நிலையைப் பார்ப்போம். நான் ரயில்வேயில் குமாஸ்தா. ஒலிநூல் கற்றவன் அல்லேன். ஆனால் காணாமற்போன பார்சலைத் தேடும் முறை எங்களுக்குத் தெரியும். ஏற்றிய நிலையத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நிலையத்திலும் "இதுவரை வந்ததா?" என்று கேட்டுக்கொண்டே போவோம், எந்த இடத்தில் "வரவில்லை" என்று பதில் வருகிறதோ அதற்கு முந்திய வழியில்தான் பார்சல் கிடக்கும். ஒலியையும் அவ்வாறே தேடலாம். மைக், கம்பி, இணைப்புக் கருவி, கணிப்பொறி, மென்பொருள், ஹெட்போன் என்பவையே நிலையங்கள். இணைப்புக் கருவியின் விளக்கு, மைக்கைத் தட்டும்போது மின்னுகிறதா? மின்னாவிடில் குற்றம் மைக்கிலோ கம்பியிலோதான். கண்டென்சர் வகை மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் ஊட்டவேண்டும். அதற்கான பொத்தானை அழுத்தாமல் மைக் பழுது என்று கடைக்கு எடுத்துப்போகிறவர்கள் உண்டு. விளக்கு மின்னியும் மென்பொருளில் நேர்கோடு மட்டும் ஓடினால், மைக்கைப் பயன்படுத்த அம்மென்பொருளுக்குக் கணிப்பொறி அனுமதி கொடுத்திருக்கிறதா என்று அந்தரங்கப் பாதுகாப்புப் பக்கத்தில் பார்க்கவேண்டும். அதுவும் சரியென்றால், ஆடாசிடி லேப்டாப்பின் சொந்த மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒலி ஒருவேளை வந்துவிடும், காரணம் தெரியவராது.

"ம்ம்ம்" என்ற தாழ்ந்த ரீங்காரம் கேட்டால், லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அந்த அதிர்வே கம்பி வழியாக உள்ளே வருகிறது. சார்ஜரை எடுத்ததும் ரீங்காரம் போனால், பாட்டரியிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

அறை விஷயத்துக்கு வருவோம்; முக்கால் பங்கு பலன் இதில்தான் இருக்கிறது. நியூ டவுன் வீடுகளில் தரையெல்லாம் வழவழப்பான ஓடு, சுவரெல்லாம் வெறுமை, ஒரு பக்கம் முழுதும் கண்ணாடி. பாடிய குரல் நான்கு புறமும் மோதித் திரும்பி மைக்கில் விழுகிறது. இந்த எதிரொலியை நீக்கிக் குரலின் இயல்பைக் கெடாமல் மீட்பது எந்த மென்பொருளுக்கும் எளிதன்று. பரிகாரம் வீட்டிலேயே இருக்கிறது. பட்டுப்புடைவைகள் தொங்கும் அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முன் மைக்கை நிறுத்தி, பாடுபவர் அலமாரியைப் பார்த்து உட்காரட்டும். கீழே பவானி ஜமுக்காளம் ஒன்று. முதுகுப் பக்கம் கொடியில் ஒரு கம்பளி, அல்லது வங்காளிகள் லேப் என்று சொல்லும் பருத்திப் பஞ்சு மெத்தைப் போர்வை. இவ்வளவுதான், மறுபடி கேட்டுப் பாருங்கள், குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

விசிறியை நிறுத்தாமல் முடியாது. சித்திரை, வைகாசிக் கல்கத்தாவில் இது தண்டனைதான். கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரையில் விசிறியே வேண்டியதில்லை, ஜன்னலையும் மூடிவைக்கலாம். திருப்பாவை பதிவு செய்ய இவ்வூரைப்போல் வசதியான ஊர் சென்னைகூட அன்று என்பேன். தம்தம் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களுக்கு மட்டும் பரிகாரம் இல்லை. சரணத்தின் நடுவே ஒன்று போனால் அவ்வடியை மட்டும் மறுபடி பாடி ஒட்டிக்கொள்ளலாம். நவராத்திரிப் பாட்டுகளை மகாளயத்துக்கு முன்பே பதிவு செய்து முடிப்பது புத்தி. பூஜைப் பந்தல்களில் தாக் முழங்கத் தொடங்கியபின் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது; அந்த ஒலியும் கேட்க இனிமையானதே.

மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் இடைவெளி போதும். நேரே ஊதாமல் சற்றுச் சாய்வாக இருத்தல் நலம். மேல்ஸ்தாயியில் சிறிது பின்வாங்குவது பழைய வித்தை. 1902 நவம்பரில் இதே கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கெய்ஸ்பெர்க் நம் நாட்டுப் பாடகர்களைப் பதிவு செய்தபோது மைக் என்பதே கிடையாது. ஒரு பெரிய கொம்பின் வாய்க்குள் பாடவேண்டும். குரலின் வலிமையே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். உரக்கப் பாடும்போது தலையைப் பின்னுக்கும், தாழப் பாடும்போது முன்னுக்கும் கொண்டுபோகவேண்டும். தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரில் அச்சாயின. அங்கே இருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரியவேண்டுமே என்பதற்காக, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகி ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். இவ்வழக்கத்தை நாமும் கைக்கொள்ளலாம். பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயர், ராகம், கட்டை, தேதி, ஊர் ஆகியவற்றை வாயாலேயே சொல்லிவிட்டால், பிற்காலத்தில் கோப்பின் பெயர் மாறினாலும் விவரம் அழியாது.

ஒலியின் அளவைக் குறிக்கும் முள் உச்சியைத் தொடவே கூடாது. எண்களாக எழுதும் முறையில் உச்சிக்கு மேல் இடமில்லை. மீறியது வெட்டுப்பட்டுக் கரகரக்கும், பின்னால் குறைத்தாலும் அக்கரகரப்புப் போகாது. உரத்த இடத்தில் பன்னிரண்டு டெசிபல் கீழே நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மிருதங்கம் உடனிருந்தால் அதன் சாப்பு வீச்சைக் கொண்டு அளவு வைக்கவேண்டும்.

சுருதியை ஒற்றைக் காதில் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு குரலை மட்டும் தனியே பதிவு செய்து, பிறகு அதே செயலியிலிருந்து அதே கட்டையில் தம்புராவை இன்னொரு வரிசையில் சேர்ப்பது நல்ல முறை. ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் தாமதித்தே வரும். சுருதிக்குப் பாதகமில்லை, தாளத்துக்கு நாசம். கம்பியிலும் சிறு தாமதம் உண்டு. ஒலியை 1,024 துண்டுகளாகச் சேர்த்துக் கணிப்பொறி கையாண்டால் ஒரு வழிக்கே 23 மில்லி நொடி. 26 அடி தூரத்தில் நிற்பவர் போடும் தாளத்தைக் கேட்டுப் பாடுவதற்கு ஒப்பாகும். 256 ஆகக் குறைத்தால் ஆறரை அடியாகச் சுருங்கும். மிகவும் குறைத்தால் கணிப்பொறி மூச்சுத் திணறி டப்டப்பென்று ஒலியில் ஓட்டை விழும். பதிவு செய்தபின் இரண்டாம் வரிசை பின்தங்கி நின்றால், ஹெட்போனை மைக்கருகே பிடித்துத் தாளத் தட்டுகளை ஒலிக்கவிட்டுப் பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, ஆடாசிடியின் தாமத ஈடு என்னும் கட்டத்தில் உள்ள எண்ணை அதற்கேற்பத் திருத்தவேண்டும்.

இவையெல்லாம் குழந்தைகளுக்கு. வீட்டில் பாட்டிமார் இருந்தால் முறை வேறு. நலங்கு, ஊஞ்சல், கும்மி, தாலாட்டு என்று அவர்களிடம் உள்ள பாட்டுகள் பலவற்றுக்குப் புத்தகமும் இல்லை, இசைத்தட்டும் இல்லை. அவர்கள் தலையில் ஹெட்போன் மாட்டி, அலமாரிக்கு முன் உட்காரவைத்தால் பாட்டு வராது, வெட்கம்தான் வரும். வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, கீரை ஆய்ந்துகொண்டு இருக்கும்போதே, மைக்கை ஒரு துண்டின்மேல் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கைபேசியானால் விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். அழைப்பு ஒன்று வந்தால் பதிவு நின்றுபோகலாம். அடி மறந்து நிறுத்தினால் குறுக்கே பேசாதீர்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அரிய அடியாக இருக்கும். "நன்றாக வரவில்லை பாட்டி, மறுபடி பாடுங்கள்" என்று ஒருபோதும் கேட்கவேண்டாம். இருமலும், இடையில் சொல்லும் ஊர்க்கதையும் அப்படியே இருக்கட்டும். இப்பதிவில் எந்தச் செம்மையும் செய்யலாகாது. செய்வதானால் நகலில் செய்யுங்கள்.

மூலத்தைச் சுருக்காத வேவ் கோப்பாகவே வையுங்கள். ஒற்றை மைக்கில் நிமிஷத்துக்கு 5 மெகாபைட், ஒரு மணிக்கு 300க்குச் சற்று மேல். இன்றைய நிலையில் அது பெரிய இடமன்று. வாட்ஸப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் ஒலி நசுங்காது. 2021க்கு முந்திய ஆடாசிடியில் செய்த பழைய வேலைகள் வைத்திருப்போர், கோப்போடு அதே பெயருள்ள தரவு உறையையும் சேர்த்தே நகலெடுக்கவேண்டும். கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு கணிப்பொறியைப் பழைய சாமான்காரருக்குக் கொடுத்துவிட்டால் எஞ்சுவது வெறும் பெட்டி. நகல் ஒன்று கல்கத்தாவிலும் ஒன்று ஊரில் தம்பி வீட்டிலும் இருக்கட்டும்.