மீன் தொட்டி வைக்கப் போறீங்களா?

குட்டீஸ்! “மீன் தொட்டி வாங்கித் தாங்க” என்று அப்பா, அம்மாவை நச்சரிக்கிறீர்களா? சரி, மீனை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ பொம்மை, பேனா, பலூன் விற்கும் கடையில், சில சமயம் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் 2 தங்கமீன்களும் நீந்திக்கொண்டிருக்கும். பார்க்க அழகுதான். ஆசையாக வாங்கி வந்தால், சில நாட்களிலேயே மீன் செத்து மிதக்கும். ஏன் தெரியுமா?

மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அது மீனுக்கு விஷம். தொட்டியில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் அமோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடும். ஆனால் புதுத் தொட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். சின்னக் கிண்ணத்திலோ விஷம் சீக்கிரம் சேர்ந்துவிடும். நன்றாக வளர்த்தால் தங்கமீன் 10 வருடத்துக்கு மேலும் வாழும். சில வகைகள் ஒரு ஜாணுக்கு மேல் வளரும். அதைக் கிண்ணத்தில் அடைக்கலாமா?

கேள்வி கேட்கும் கடை

சென்னை கொளத்தூர், வண்ண மீன்களுக்குப் பேர் போன இடம். திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறி வில்லிவாக்கத்தில் இறங்கினால் பக்கம்தான். கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர் என்று மீனுக்கென்றே கடைகள் அங்கே இருக்கின்றன.

நல்ல மீன் கடைக்காரர் உங்களையே கேள்வி கேட்பார். “தொட்டி எத்தனை லிட்டர்? ஃபில்டர் இருக்கா? வேறென்ன மீன் வச்சிருக்கே?” 2 ஆண் ஃபைட்டர் மீன்களை ஒரே தொட்டியில் கேட்டால், “சண்டை போட்டுச் செத்துடும் தம்பி” என்று தடுப்பார். தாய்லாந்து நாடு 2019-ல் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்த மீன் இதுதான்!

அதற்காக எல்லாவற்றையும் அங்கேதான் வாங்க வேண்டும் என்பதில்லை. வாளி, மக், தண்ணீர் மாற்றும் டியூப் இவற்றையெல்லாம் பக்கத்துக் கடையிலேயே வாங்கலாம். காசும் அலைச்சலும் மிச்சம். ஒன்று மட்டும் ஞாபகம்: அந்த வாளியில் சோப்பு படவே கூடாது.

மீன் கடை என்றாலே நல்ல கடை என்றும் நினைத்துவிடாதீர்கள். தொட்டியில் செத்த மீன் கிடக்கிறதா? மீன் மேல் உப்பு தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா? துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா? அந்தத் தொட்டி மீன் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும்

குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராக இருந்தால், முதல் நாளே பிடித்துத் திறந்து வையுங்கள். மீன் இருக்கும் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமல் தொட்டியில் 15 நிமிடம் மிதக்க விடுங்கள். சூடு சமமான பிறகு மீனை விடுங்கள். முதலில் 2, 3 சின்ன மீன்கள் போதும்.

ஏரியில் விடாதீங்க!

வளர்க்க முடியவில்லையா? “பாவம், பிழைத்துப் போகட்டும்” என்று பூண்டி ஏரியிலோ பழவேற்காட்டிலோ விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து தொட்டிக்காக வந்த ‘டேங்க் கிளீனர்’ மீன், அப்படி வெளியே போய் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகிக் கிடக்கிறது. நம் ஊர் மீன்களின் இரைக்கும் இடத்துக்கும் போட்டி. அதன் முரட்டு முள்ளில் மீனவர்களின் வலையும் கிழிகிறது.

ஆகவே மீன் வாங்கும்போதே, “வளர்க்க முடியாட்டி திரும்ப வாங்கிக்குவீங்களா அண்ணா?” என்று கேளுங்கள். சரி என்று சொல்லும் கடைதான் நம் கடை.

பேனா எழுதாவிட்டால் தூக்கிப் போடலாம். மீன் ஓர் உயிர் ஆயிற்றே! என்ன குட்டீஸ், இப்போது சொல்லுங்கள்... எந்தக் கடைக்குப் போகலாம்?