சின்னக் கல்லூரியா? கையெழுத்து வைக்கமுன் கேளுங்கள்

சென்ற வருடம் ஏப்ரல் மாதம் அக்காவின் மகள் மூன்று கடிதங்களைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தாள். ஒன்று எமது மாநிலத்துப் பெரிய பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. மற்ற இரண்டும் நாம் பெயரே கேள்விப்படாத சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள். அவற்றில் ஒன்றின் வருடச் செலவு 85,000 டொலர் என்றிருந்தது. "தம்பி, இது எங்களுக்குச் சரிவராது, கிழிச்சுப் போடு" என்றார் அக்கா. ஓ.எல். சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இங்கே பக்டரியில் பெட்டி அடுக்கும் நானும் தலையாட்டினேன். பிள்ளை விடவில்லை. "மாமா, கீழே உள்ள கணக்கையும் வாசியுங்கோ" என்றாள். அன்றிரவு வாசித்ததையும் பின்னர் கேட்டறிந்ததையும் எம்மவருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். ஆட்ஸ் என்றால் விஞ்ஞானம் படிக்காதவர்களின் பிரிவு. அமெரிக்காவில் அப்படியல்ல. இக்கல்லூரிகளில் கணிதம், இரசாயனம், உயிரியல், பொருளியல், வரலாறு எல்லாம் உண்டு. முதலில் பல பாடங்களைப் படித்துப் பார்த்து, பிறகு ஒன்றைப் பிரதான பாடமாகத் தெரிவு செய்வார்கள். வகுப்புகள் சிறியவை, பேராசிரியரே படிப்பிப்பார்.

இவற்றுக்கும் எமக்கும் பழைய தொடர்பும் உண்டு. 1806இல் மசாசூசெற்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் சிலர் வைக்கோற்போர் அருகே நடத்திய செபக்கூட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் அமெரிக்க மிஷன். அது 1816இல் யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கியது. சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்.

உண்மையான விலை என்ன?

அறிவித்த விலை வேறு, நாம் கட்டும் காசு வேறு. மத்திய அரசின் உதவி பெறும் கல்லூரிகள் தமது இணையத்தளத்தில் நெற் பிறைஸ் கல்குலேற்றர் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் சட்டம். குடும்ப வருமானத்தைப் போட்டால் எமக்கு வரக்கூடிய செலவை அது மதிப்பிட்டுச் சொல்லும். அமெர்ஸ்ற், வில்லியம்ஸ் போன்ற வசதியான கல்லூரிகள் தமது உதவித் திட்டத்தில் கடனைச் சேர்ப்பதில்லை. கென்ரக்கியிலுள்ள பெரியா கல்லூரி 1892 முதல் படிப்புக் கட்டணமே அறவிடுவதில்லை. பிள்ளைகள் வாரம் 10 மணித்தியாலமாவது கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். ஆனால் இவற்றில் இடம் கிடைப்பது கடினம்.

கடன் எங்கே ஒளிந்திருக்கிறது?

கிராண்ட், ஸ்கொலர்ஷிப் இரண்டும் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாதவை. லோன் அப்படியல்ல. மருமகளுக்கு வந்த மூன்றாவது கடிதத்தில் "மிச்சம் 3,000 டொலர்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. நடுவிலே பேரன்ற் பிளஸ் என்று 15,000 டொலர். அது பெற்றோர் தலையில் விழும் கடன். நாலு வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 60,000. வட்டி வேறு.

கல்லூரி நிலைக்குமா?

வெர்மொன்ற் மாநிலத்தில் கிறீன் மவுன்ரின் கல்லூரி 2019இலும், மார்ல்பரோ கல்லூரி 2020இலும் மூடப்பட்டன. நியூ யோர்க் மாநிலத்து வெல்ஸ் கல்லூரி 1868இல் தொடங்கியது. 2024 ஏப்ரல் கடைசியில் மூடப்போவதாக அறிவித்து, அந்தத் தவணையோடு மூடிவிட்டது. பிள்ளைகள் பாதிப் படிப்போடு வேறு இடம் தேட வேண்டி வந்தது. ஆகவே மாணவர் தொகை குறைகிறதா, அண்மையில் எந்தப் பாடங்களை நிறுத்தினீர்கள், நாலு வருடத்தில் எத்தனை வீதமானோர் படிப்பை முடிக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

வேண்டிய பாடம் உண்டா?

பெரும்பாலான சின்னக் கல்லூரிகளில் பொறியியல் இல்லை. ஸ்வாத்மோர், ஸ்மித் போன்ற சிலவற்றில் மட்டும் உண்டு. தாதியர் படிப்பும் கணக்கியலும் பல இடங்களில் இல்லை. டொக்டராக விரும்பும் பிள்ளை எதைப் பிரதான பாடமாக எடுத்தாலும், மருத்துவக் கல்லூரி கேட்கும் விஞ்ஞானப் பாடங்களை முடிக்க வேண்டும். பட்டத்துக்குப் பின் இன்னும் நாலு வருடம் மருத்துவக் கல்லூரி உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

மேலும் இரண்டு விடயங்கள். ஏர்லி டிசிஷன் என்று விண்ணப்பித்தால், இடம் கிடைத்தால் அங்கேயே வருவேன் என்று வாக்குக் கொடுத்ததாகும். பிற கல்லூரிகளின் கடிதங்களோடு ஒப்பிட முடியாது. அடுத்தது, கிறீன் காட் உள்ளவர்கள் ஃபாஃப்சா படிவம் நிரப்பலாம். அகதி வழக்கு இன்னும் முடியாதவர்கள், சொந்தப் பணத்தில் உதவுவீர்களா என்று கல்லூரியிடமே கேட்க வேண்டும். சில கல்லூரிகள் உதவுகின்றன.

கடைசியில் எங்கள் கணக்கு இதுதான். பல்கலைக்கழகத்துக்கு நாங்கள் கட்ட வேண்டியது வருடம் 14,000 டொலர். கிழிக்கச் சொன்ன அந்த 85,000 டொலர் கல்லூரிக்கு 6,000. பிள்ளை இப்போது அங்கேதான் உயிரியல் படிக்கிறாள். குளிர் கூட, சோறு கிடைப்பது அருமை என்று குறை சொல்கிறாள். அக்கா மாதாமாதம் மிளகாய்த்தூள் அனுப்புகிறார்.