பெருநாளும் கடலும்

பெருநாள் தொழுகை முடிந்து வட்டிலப்பமும் சாப்பிட்டாயிற்று என்றால், எங்கள் வீட்டுச் சிறுவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "அரிசிமலைக்கு எப்ப போற?" என்பதுதான். உம்மாவுக்கு இந்தக் கேள்வி வியப்பாக இருக்கும். அவர் சிறுமியாக இருந்தபோது நோன்புப் பெருநாளன்று யாரும் கடலுக்குப் போனதில்லையாம். போர்க்காலம் என்பது ஒரு காரணம். மற்றக் காரணம் பிறை.

சந்திர ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாட்கள். அதனால் எமது பெருநாள்கள் ஆண்டுதோறும் 10 அல்லது 11 நாட்கள் முந்தி வருகின்றன. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் எப்போதும் வைகாசியிலும், வெருகல் ஆற்றங்கரைத் திருவிழா ஆவணியிலும் வரும். அயலவரின் அந்த விழாக்களுக்குப் பருவம் மாறுவதில்லை. எமது பெருநாளோ சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக இரண்டு நோன்புப் பெருநாள்கள் வந்தன. இரண்டும் மாரியில். 2017இல் அதே பெருநாள் ஜூன் மாதத்தில், கடல் குளம்போல் கிடந்த நாளில் வந்தது. என் தம்பி, தங்கைகள் அறிந்த பெருநாள் கடல் இதுதான்.

மாரியில் நிலைமை வேறு. வடகீழ்ப் பருவக்காற்று வங்கக் கடலிலிருந்து நேரே எமது கரையில் மோதுகிறது. அலை கரையை அரித்து ஆழமாக்கும், உள்ளிழுக்கும் நீரோட்டமும் வலுக்கும். நேற்று முழங்கால் அளவு நீர் நின்ற இடத்தில் இன்று ஆளையே மூடும்.

எமது ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த கரு மணலும் அலையின் வேலைதான். ஆறுகள் மலைப்பாறைகளை அரைத்துக் கடலில் சேர்க்கின்றன. அலை அந்த மணலைச் சுளகில் புடைப்பதுபோலப் புடைக்கிறது. இலேசான வெண்மணல் இழுபட்டுப் போக, கனமான இல்மனைற்று கரையில் தங்கிவிடுகிறது. ஒரே அளவு வெண்மணலைவிட அது ஒன்றரை மடங்குக்கும் மேல் பாரமானது. அதிலிருந்து எடுக்கும் தைத்தானியம் ஈரொட்சைட்டுத்தான் பெயின்ற்றுக்கு வெண்மை தருகிறது. பெருநாளுக்கு வெள்ளையடித்த சுவருக்குள் கறுப்பு மணல் இருக்கலாம் என்று சொன்னால் தங்கை நம்புவதே இல்லை.

இப்போது பெருநாள் மீண்டும் மாரியை நோக்கி நகர்கிறது. 2025இல் மார்ச் 31. 2030இல் பெப்ரவரித் தொடக்கம். 2033இல் மறுபடியும் ஜனவரியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. அமைதியான கடலில் குளித்துப் பழகிய பிள்ளைகள் அன்றும் அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். "போன பெருநாளுக்குப் போனோமே" என்பார்கள். அந்தப் பதிலை நம்பி அவர்களைத் தனியே விடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உம்மா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். அந்த ஆண்டுகளில் ஹஜ்ஜுப் பெருநாள் மார்ச், ஏப்ரலில் வரும். காற்று அடங்கியிருந்தால் கடற்குளிப்பு அன்றைக்கு. நோன்புப் பெருநாளுக்குக் கொக்கிளாய்க் களப்பு. 1951இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம் அது. மாரியில் தூர தேசங்களிலிருந்து பறவைகள் வந்து இறங்கியிருக்கும். கரையில் நின்றே பார்க்கலாம், குடை மட்டும் கொண்டுபோனால் போதும் என்கிறார். தம்பிக்கு இன்னும் சம்மதமில்லை.