கண்மாயில் ஒரு கடற்காகம்

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுத் தொழில் வேரூன்றத் துணைநின்ற வறட்சியே அங்குள்ள கண்மாய்களையும் ஆண்டின் பெரும்பகுதி வெறும் தரையாகக் கிடக்கச் செய்கிறது. வடகிழக்குப் பருவமழையில் அவை நிறையும் காலமும் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வந்திறங்கும் காலமும் ஒன்றாக அமைவதால், விருதுநகர் மாவட்டத்தில் பறவை நோக்குவோர்க்கு அதுவே உரிய பருவமாகும். அப்போது வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்தின்மேல் வெண்ணிறப் பறவையொன்று தாழப் பறந்தால், அது பெரும்பாலும் ஆலாவாகவே இருக்கும். ஆலாவின் அலகு நேராகக் கூர்ந்திருக்க, கடற்காகத்தின் அலகு தடித்து, மேல்நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். வைப்பாறு சென்று கலக்கும் மன்னார் வளைகுடாக் கரையில் கடற்காகம் வழக்கமான காட்சி. கண்மாயில் அது விருந்தாளி.

தமிழகக் கடற்கரைக்குக் குளிர்காலத்தில் மிகுதியாக வருவது, திபெத், லடாக் போன்ற மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் பழுப்புத்தலைக் கடற்காகம். பெயரை நம்பித் தலையைப் பார்ப்பவர் ஏமாறுவார்: குளிர்காலத்தில் அதன் தலை வெளுத்து, காதருகே கரும்புள்ளி ஒன்றே எஞ்சும், அதன் உறவான கருந்தலைக் கடற்காகத்திற்கும் அவ்வாறே. போதாக்குறைக்கு, பின்னதன் ‘கருந்தலை’ இனப்பெருக்கக் காலத்திலும் உண்மையில் அடர்பழுப்புதான். வளர்ந்த பழுப்புத்தலைக்கு விழி வெளிறியும், கருந்தலைக்குக் கறுத்தும் இருக்கும். எனினும் பழுப்புத்தலையின் இளம்பறவைக்கும் விழி கறுத்திருப்பதால், சிறகையே சான்றாகக் கொள்ளவேண்டும். சிறகு நுனி அகலமாகக் கறுத்திருந்தால் பழுப்புத்தலை; சிறகின் முன்விளிம்பில் நீண்ட வெண்பட்டை ஓடி, நுனியில் மட்டும் மை தொட்டதுபோல் கறுத்திருந்தால் கருந்தலை. அரிய பறவை எனக் குறிப்பேட்டில் எழுதுமுன், வழக்கமான பறவையே வயதாலோ பருவத்தாலோ வேறு கோலம் பூண்டதா என்று பார்ப்பதே முறை; பெரிய கடற்காகங்கள் முழுக்கோலம் பெற ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

தொலைநோக்கியில் தீராத ஐயத்தைப் பறவை கைக்கு வரும்போது தீர்க்கலாம். பறவையைப் பிடித்து, அலகையும் சிறகையும் அளந்து, எடை பார்த்து, காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையம் பூட்டி விடுவிப்பதே வளையமிடுதல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927இல் தொடங்கிய இப்பணிக்குத் தமிழகத்தில் கோடியக்கரை முதன்மைக் களமாயிற்று. பரம்பரையாகப் பறவை பிடித்துவந்த பீகாரின் மீர்ஷிகார் சமூகத்தாரின் கண்ணி வைக்கும் திறமை அங்கு ஆய்வுக்குப் பயன்பட்டது. வளையத்தில் எண்ணுடன், கழகத்திற்குத் தெரிவிக்குமாறு கோரும் ஆங்கில வாசகமும் பொறிக்கப்பட்டிருக்கும். கடற்காகத்தின் கால் எப்போதும் உப்புநீரிலும் மணலிலும் உராய்வதால் அலுமினிய வளையம் தேய்ந்து எழுத்து மங்கிவிடுகிறது; ஆகவே இத்தகைய பறவைகளுக்குக் கடினமான உலோகக் கலவையாலான வளையங்களையே ஆய்வாளர் விரும்புகின்றனர்.